தபால்காரர் பதில்கள்: இந்த முறை குளச்சல் மூட்டை

போன இதழில் உதயகிரிக் கோட்டையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், "குளச்சலைப் பற்றி இன்னொரு நாள் பார்ப்போம்" என்று எழுதி நழுவினேன். அந்த ஒரு வரிக்குப் பதினாறு கடிதம் வந்துவிட்டது. ஆசிரியர், "இந்த இதழ் முழுக்கக் குளச்சலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சரி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் குமரி மாவட்டத்துக் குளச்சல் வட்டாரத்தில் 34 வருஷம் தபால் கொடுத்தவன். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. எந்த வீட்டுக்கு எந்த ஊர் முத்திரையோடு கடிதம் வரும் என்பதை வைத்து ஊரைப் படித்தவன்.

கேள்வி: குளச்சல் போரில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நிற்க, கப்பலில் இருந்த டச்சுக்காரர்கள் அதைத் துப்பாக்கிப் படை என்று நினைத்து மிரண்டார்களாமே, உண்மையா ஐயா? (கல்லூரி மாணவர், நெய்யாற்றின்கரை)

கதைதான் தம்பி. ஆனால் எங்கள் ஊர்க் கதை, லேசில் விட்டுக்கொடுக்க மாட்டோம். என் பாட்டி சொன்னதில் துடுப்போடு பனைமரமும் வரும். பனந்தடியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி கடலைப் பார்த்து நிறுத்தினார்களாம். பாட்டி இதைச் சொல்லும்போது ஏதோ அவள்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதுபோல மூச்சு வாங்குவாள்.

காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறேன். சண்டைக்கு மூலகாரணம் மிளகு. டச்சுக் கம்பெனிக்குத் தான் வைத்த விலைக்குத் தனக்கு மட்டுமே மிளகு வேண்டும். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவோ வடக்கே இருந்த சின்னச் சின்ன அரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். மிளகு விளையும் மண் எல்லாம் அவர் கைக்குப் போனால் கம்பெனியின் கணக்கு என்னாவது? இலங்கையில் ஆளுநராக இருந்த வான் இம்ஹோஃப் 1739ல் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார். படை எடுத்து வருவோம் என்று அவர் சொன்னதற்கு, அப்படியானால் நானும் என் மீனவர்களை வள்ளத்தில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்ப யோசிக்க வேண்டியிருக்கும் என்று ராஜா சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆட்கள் அந்தப் பேச்சிலேயே போர் முடிந்துவிட்டது என்பார்கள்.

1741ல் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. குறி, உள்ளே இருந்த பத்மநாபபுரம். அன்றைக்கு அதுதான் தலைநகர். வடக்கே இருந்த ராஜா படையோடு திரும்பி வர, டச்சுக்காரர்கள் கடற்கரையில் வேலி கட்டிய பாசறைக்குள் அடைபட்டார்கள். வெடிமருந்தில் தீப்பற்றி, இருந்த அரிசியும் போயிற்று என்கிறார்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதி தோல்வி முடிவானது.

தேதியைக் கவனியுங்கள். ஆடி மாதம். ஆடியில் எங்கள் கடல் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை வந்து பாருங்கள். அலை கரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்தக் கடலில் கப்பலை நிறுத்தி ஆளையும் அரிசியையும் கரை சேர்ப்பது லேசான காரியமா? ராஜாவின் படைக்குப் பாதிப் புகழ் கொடுத்தால் மீதியை ஆடிக் காற்றுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. இதைச் சொல்லித் தேநீர்க்கடையில் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவர் ஊர் திரும்பவில்லை. ராஜாவிடமே சேர்ந்து, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) என்று பெயர் வாங்கி, 1777ல் இங்கேயே இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்து நிற்கும். அவரிடம் பழகிக் கிறிஸ்தவரானவர்தான் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை. 1752ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். மிளகு விலையில் தொடங்கிய சண்டை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

கேள்வி: கிரேக்கர்கள் எழுதிய 'கொல்கை' என்ற முத்துத் துறைமுகம் குளச்சல்தான் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். (வாசகர், திருநெல்வேலி)

உங்கள் பக்கத்து ஊரை எங்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள், விடாதீர்கள். அது தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கை. முத்து எடுத்த கடல் கிழக்குக் கடல். எங்கள் கடலில் நெத்தோலி உண்டு, முத்து கிடையாது.

கேள்வி: குளச்சலில் பெரிய ஆறும் இல்லை, காயலும் இல்லை. பிறகு ஏன் கப்பல்கள் அங்கே நின்றன? இனிமேலும் நிற்குமா? (பொறியாளர், சென்னை)

பாறைதான் காரணம். கடற்கரையில் நின்று நேரே பார்த்தால் தண்ணீருக்குள்ளிருந்து கறுப்பாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அலை முதலில் அதில் மோதி உடைந்து, பாதி வேகத்தில்தான் கரைக்கு வரும். பூவாறிலிருந்து குமரிமுனை வரை கடற்கரை பெரும்பாலும் திறந்த வெளி, மணலும் அலையும்தான். அதில் ஒதுங்க இப்படி ஓரிடம் கிடைத்தால் பாய்க்கப்பல்காரன் விடுவானா? பின்னால் திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. மலைச்சரக்கு கடலுக்கு வர அதிக வழி நடக்க வேண்டாம். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் எங்களுக்கு உண்டு. அதனால் தென்னை, வாழை, நெல் என்று கரையை ஒட்டியே பச்சைதான். தபால் சைக்கிளுக்கு இந்த இரட்டை மழை எமன், அது தனிக்கதை.

இனிமேல் நிற்குமா என்கிறீர்கள். ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் போகிற கப்பல் பாதை எங்களுக்குப் பக்கம்தான். 2016ல் மத்திய அமைச்சரவை இனயத்தில் சரக்குப்பெட்டக மாற்றுத் துறைமுகம் கட்டக் கொள்கை ஒப்புதல் கொடுத்தது. இனயம் குளச்சலுக்கு வடமேற்கே உள்ள மீனவ ஊர். வீடும் கரையும் போய்விடும் என்று கடற்கரை முழுக்கக் கறுப்புக்கொடி ஏறியது. பிறகு குமரிமுனைக்குப் பக்கத்துக் கோவளம், மணக்குடி பக்கம் மாற்றுவதாகச் சொன்னார்கள், அங்கும் எதிர்ப்பு. இதற்குள் எல்லைக்கு அப்பால் கேரளத்தில், கடல்வழியில் 40 கிலோமீட்டர்கூட இல்லாத விழிஞ்ஞத்தில் துறைமுகம் எழும்பிவிட்டது. 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது, 2025 மே 2ஆம் தேதி முறைப்படி திறந்தார்கள். இப்படிப் பக்கத்தில் ஒன்று இருக்கும்போது எங்கள் கரையில் இன்னொன்று எதற்கு என்று கேட்கிறவர்களோடு நான் ஒத்துப்போகிறேன். வேலை கிடைத்திருக்குமே என்று என் மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறோம்.

கேள்வி: அண்ணாச்சி, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் ஏன் கறுப்பாக இருக்கிறது? பிள்ளைகள் காலில் ஒட்டினால் ஆபத்தா? (வாசகி, பாறசாலை)

தங்கச்சி, இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பாட்டி கயிறு திரித்தவள். கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்துக் கட்டையால் அடித்துத் தும்பு எடுப்பார்கள். தும்பைக் கடற்கரை மணலில் விரித்துக் காயப்போடுவார்கள். பாட்டியின் உள்ளங்கை ரேகைகளில் கறுப்பாக ஒரு பளபளப்பு எப்போதும் இருக்கும். கழுவினாலும் போகாது. சின்ன வயதில் அதை அழுக்கு என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஜெர்மன்காரர் ஒருவரை இங்கே இழுத்து வந்ததே அந்த அழுக்குதான்.

ஷோம்பெர்க் என்பவர் ஒரு வேதியியலாளர். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909ல் கண்டுபிடித்தார். எந்தக் கரை மணல் என்று தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சி வந்து ஆலையும் போட்டார். மோனசைட்டுக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? அதில் தோரியம் இருக்கிறது. காஸ் விளக்கின் மேண்டில், அந்த வெள்ளை வலைப்பை, அது தோரியத்தால்தான் பளிச்சென்று எரியும். கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் தலையில் சுமந்து வந்தார்களே பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதே மேண்டில்தான். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர் கையை விட்டு ஆலை போயிற்று. 1950ல் அரசு நிறுவனமாக இந்தியன் ரேர் எர்த்ஸ் உருவானது. இன்றைக்கு மணல் ஆலை அவர்களுடையது.

கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் இல்மனைட் என்ற இன்னொரு கனிமம். மலையில் பாறை கரைந்து, ஆறு கொண்டுவந்து கடலில் போட, கடல் அதைச் சலித்துக் கரையில் ஒதுக்குகிறது. கனமான மணல் தங்கிவிடும், லேசானது போய்விடும். முறத்தில் புடைப்பதுபோலத்தான். நாங்கள் பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து மணலில் இழுத்து விளையாடுவோம். கறுப்பு மட்டும் மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். ஆலையிலும் இல்மனைட்டைக் காந்தத்தால்தான் பிரிக்கிறார்கள், பெரிய அளவில். இதில் வேடிக்கை, அந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் டைட்டானியம் டையாக்சைடு எடுத்து வெள்ளைப் பெயின்ட் செய்கிறார்கள்.

ஆபத்தா என்றால், இந்தக் கரையில் இயற்கையான கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம், அது தோரியத்தால். பிள்ளைகள் ஒரு நாள் விளையாடிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குப் பயப்பட வேண்டாம். காலம் முழுக்க இங்கேயே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதில்தான் ஊருக்கும் ஆலைக்கும் சண்டை.

கேள்வி: ஏ.வி.எம். கால்வாய் என்கிறார்களே, சினிமாக் கம்பெனி வெட்டியதா? (வாசகர், மதுரை)

நல்லவேளை கேட்டீர்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். பத்மநாப சாமிக்கு ஒரு பெயர், லண்டன் ராணிக்கு ஒரு பெயர், நாட்டு ராஜாவுக்கு ஒரு பெயர். 1860ல் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை கடலுக்கு இணையாகப் படகு போக வேண்டும் என்பது திட்டம். குமரி வரை போய்ச் சேரவே இல்லை. வெட்டியவரைக்கும் ஒரு காலத்தில் வள்ளங்களில் சரக்கு போயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் காலத்தில் கதம்பல் ஊறப்போடவும் தாமரை பூக்கவும்தான் உதவியது. பிறகு அங்கங்கே தூர்ந்து சாக்கடையாகிவிட்டது.

சிரிப்போடு முடிக்க முடியாத பதில் இது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் சுனாமி அலை வந்தபோது, குளச்சலுக்குப் பக்கத்துக் கொட்டில்பாடு ஜனங்கள் ஊருக்குப் பின்பக்கம் ஓடினார்கள். பின்பக்கம் கால்வாய் இருந்தது. முன்னால் கடல், பின்னால் கால்வாய். அதில் விழுந்து இறந்தவர்கள் பலர். சுமத்ராவில் கிளம்பிய அலை இலங்கையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்கும் வரும் என்று யாருக்குத் தெரியும்? குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் போனார்கள். குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும்தான் அதிகம் கொடுத்தன.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது. வெளிநாட்டிலிருந்தும் கொச்சியிலிருந்தும் தாமதமாகக் கிளம்பிய வாழ்த்து அட்டைகள் ஜனவரி பாதிவரை என் பையில் வந்துகொண்டிருந்தன. ஒரு பிள்ளை தாய்க்கு அனுப்பிய அட்டை. திறந்தால் பாட்டுப் பாடும் ரகம். பையில் மற்றதோடு உரசி மூலையில் லேசாகத் திறந்துவிட்டது போலிருக்கிறது. கொட்டில்பாடு சாலையில் நான் சைக்கிள் மிதிக்க மிதிக்க அது பாடிக்கொண்டே வந்தது. வாங்க ஆள் இல்லை. 'இறந்துவிட்டார்' என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் விதி. நான் எழுதவில்லை. பங்குச்சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். விதியை மீறியது சரிதானா என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடை என்கிறார்கள், அதே நாளில் குளச்சல் மீன் நாகர்கோவில் சந்தையில் விற்கிறது. திருட்டு மீனா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

திருட்டு மீன் இல்லை அம்மா. நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல், அதனால் இரண்டு தடை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஜூன் முதல் பதினாலு நாள் இரண்டு பக்கமும் அடைப்பு. அந்த இரண்டு வாரம் மீன்காரம்மாவிடம் பேரம் பேசாதீர்கள், பலன் இல்லை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் தடை ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் தொடங்கும், 52 நாள். 'கடல் ஒன்று, மீன் ஒன்று, சட்டம் மூன்றா?' என்று எங்கள் படகுக்காரர்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தடை விசைப்படகுக்கு மட்டும். வள்ளமும் கட்டுமரமும் கடல் விட்டால் போகலாம். ஆனால் ஆனி, ஆடியில் கடல் விட வேண்டுமே.

ஜூலை 31 நள்ளிரவு தாண்டினால் குளச்சல் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். பெயின்ட் வாசம் போகாத படகுகள் வரிசையாக எஞ்சினை உறுமவிட்டு நிற்கும். ஐஸ் ஏற்றி, டீசல் ஏற்றி, மாதா படத்துக்கு மாலை போட்டுக் கிளம்புவார்கள். திரும்பி வரும்போது கணவாய், நவரை, சாவாளை, கிளாத்தி. இந்தக் கிளாத்திக்கு ஒரு காலத்தில் மதிப்பே கிடையாது, சாக்குத்துணிபோலத் தோல். இப்போது மீன்தூள் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிறது. ஏலம் விடுபவர் வாயைத் திறந்தால் எண்கள் மட்டும்தான் வரும், நடுவில் மூச்சு வராது. சுற்றிலும் அலுமினியச் சருவத்தோடு பெண்கள். அவர்களில் ஒருத்தி கண்ணைச் சிமிட்டினால் குவியல் கைமாறிவிடும். நான் ஒருமுறை கண்ணில் தூசி விழுந்து சிமிட்டி, பத்துக் கிலோ நவரைக்கு உரிமையாளன் ஆனேன். பாதியைக் கருவாடு போட்டோம். ஒரு மாதம் என் காக்கிச்சட்டையைக் கண்டால் பூனைகள் பின்னாலேயே வந்தன.

கேள்வி: நீங்கள் தமிழரா, மலையாளியா? (வாசகர், கோயம்புத்தூர்)

1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முந்தின நாள் இரவு திருவிதாங்கூர்-கொச்சியில் படுத்துத் தூங்கி, காலையில் சென்னை மாநிலத்தில் கண் விழித்தோம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. குளச்சல் கல்குளத்தில். அதற்காக 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போயிருக்கிறது, அதனால் இந்தக் கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழர்தான். ஆனால் பலாப்பழத்தைச் சக்கை என்போம், மரவள்ளியை மரச்சீனி என்போம். பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது எங்கள் மண்ணில், சாவி மட்டும் இன்றும் கேரள அரசிடம்.

என் தகப்பனார் அஞ்சல்காரர். இன்றைக்கு எல்லாரும் சொல்கிற அஞ்சல் இல்லை. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் சொந்தத் தபாலுக்குப் பெயரே 'அஞ்சல்'. 1888லேயே சங்கு முத்திரை போட்ட தபால்தலை உண்டு. மணி கட்டிய கம்போடு அஞ்சலோட்டக்காரர் ஓடுவார். 1951ல் அதை இந்தியத் தபாலோடு சேர்த்தார்கள். அப்பா புதுச் சீருடை போட்டார், பழைய கம்பை வீட்டு உத்தரத்தில் செருகி வைத்தார். இப்போது தமிழ்நாடு முழுக்கத் தபாலை 'அஞ்சல்' என்கிறார்கள். அந்தச் சொல்லை நாங்கள் கொண்டுவந்து கொடுத்தோம் என்று நான் சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கேள்வி: குளச்சல் பணம் எங்கிருந்து வருகிறது? (வாசகர், துபாய்)

உங்களிடமிருந்துதான். அறுபதுகளில் இந்தத் தபால் பையைச் சுமந்தவர்கள் காலத்தில் கொல்லம், கொச்சி மணியார்டர் என்பார்கள். நான் சேர்ந்த காலத்தில் குவைத், சவூதி. வள்ளம் வாங்கிய பணம், வீட்டுக்குத் தளம் போட்ட பணம், பெண்ணுக்குப் போட்ட நகை, எல்லாவற்றிலும் பாதி அங்கிருந்து வந்ததுதான். விசாவுக்குக் கொடுத்து ஏமாந்த பணமும் உண்டு; அதற்கு ரசீது கிடையாது, அதனால் என் கணக்கில் வராது.

கேள்வி: தாத்தா, நாங்கள் குளச்சல் போர் வெற்றித் தூணைப் பார்க்க வந்தோம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வேறு என்ன பார்ப்பது? (எட்டாம் வகுப்பு மாணவி, வள்ளியூர்)

தூணை முதலில் பார்த்ததுதான் தப்பு மக்களே. விடியற்காலம் வந்து மீன் ஏலத்தைப் பாருங்கள், கண்ணைச் சிமிட்டாமல். அப்புறம் கரையில் நின்று பாறைகளை எண்ணுங்கள். ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி எண்ணிக்கை மாறும். மண்டைக்காட்டுக்குப் போய் அம்மன் புற்றைப் பாருங்கள். மணவாளக்குறிச்சியில் கறுப்பு மணலை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். கடியபட்டணத்தில் வள்ளியாறு கடலில் விழுகிற இடம் பக்கத்தில்தான். மத்தியானம் பசிக்கும். மரச்சீனிக் கிழங்கு அவித்து, தேங்காய் அரைத்த சாளைக் குழம்போடு கேளுங்கள். அந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் விசாகம் திருநாள் ராஜா. 1880 முதல் 1885 வரை ஆண்டார்; பஞ்சத்தில் அரிசி இல்லாவிட்டாலும் ஜனம் பட்டினி கிடக்கக்கூடாது என்று. முள்ளைப் பார்த்துச் சாப்பிடுங்கள். திரும்பும்போது தூண் வழியாகவே பஸ் போகும். ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும்.